கேள்வி – பதில்: ஒரே லன்னை இரண்டு சர்வரில் மாட்டலாமா?

கேள்வி: எங்கள் ஆபீஸில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல வி.எம்., அதாவது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்களை ஓட்டும் சிஸ்டம்) போட்ட இரண்டு சர்வர்கள், ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு) நான்கு ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டி. நாஸிலிருந்து ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே டிஸ்க் கொடுக்கும் முறை) வழியாக ஒரு லன் (நாஸ் தனி டிஸ்க் போலக் காட்டும் பகுதி) எடுத்து, முதல் சர்வரில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) ஆக ஃபார்மேட் செய்து வி.எம். டிஸ்க்குகளை அதில் வைத்திருக்கிறேன். பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் நொடிக்கு 110 எம்.பி. வருகிறது, ஆனால் கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் விண்டோஸ் வி.எம். தவழ்கிறது. போன வாரம் நாஸ் அப்டேட்டுக்காக ஐந்து நிமிடம் ரீஸ்டார்ட் ஆனதில் எல்லாம் 'ரீட் ஒன்லி' (படிக்கலாம், எழுத முடியாது) ஆகிவிட்டது. இதே லன்னை இரண்டாவது சர்வரிலும் மவுண்ட் செய்யப் போகிறேன், சரிதானே சார்?
– வாசகர், கரூர்

பதில்: முதலில் அந்தக் கையை எடுங்கள்! மவுண்ட் ஆகும், இரண்டு நாள் நன்றாகவும் ஓடும், அதுதான் ஆபத்து. ஈஎக்ஸ்டி4 தன்னை ஒரே மெஷின் மட்டும்தான் தொடுகிறது என்று நம்பி எழுதப்பட்டது. எந்த பிளாக் காலி என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் தனியாக வைத்திருக்கும், அதனால் ஒரே காலி இடத்தில் இதுவும் எழுதும், அதுவும் எழுதும், யார் டிஸ்க் யார் தலையில் விழுந்தது என்று தெரியும்போது இரண்டும் போயிருக்கும்.

உங்கள் அளவுக்கு நான் என்.எஃப்.எஸ். (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) என்றுதான் சொல்வேன். அதில் ஃபைல் சிஸ்டம் நாஸிடமே இருக்கிறது, சர்வர்கள் கேட்டு வாங்குகின்றன, அவ்வளவுதான். வி.எம். டிஸ்க்கை கியூகவ்2 வகை ஃபைலாக வைத்தால் ஸ்னாப்ஷாட்டும் (பின்னால் திரும்பிப் போக, அந்த நேரத்து நிலையின் பதிவு) கிடைக்கும். இரண்டு சர்வரையும் ஒரே கிளஸ்டரில் சேர்த்துவிட்டால், ஓடும் வி.எம்.மை அடுத்த சர்வருக்கு நகர்த்தும்போது டிஸ்க் அசையாது, மெமரி மட்டும் போகும். 'பர்மிஷன் டினைடு' வந்தால் பதறாதீர்கள், ப்ராக்ஸ்மாக்ஸ் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) எழுதுகிறது, நாஸில் ரூட் ஸ்குவாஷை (ரூட்டின் அதிகாரத்தைப் பறிக்கும் செட்டிங்) அந்த இரண்டு ஐ.பி.க்கு மட்டும் எடுத்துவிடுங்கள். ஐஸ்கஸியே வேண்டுமென்றால் லன் மேல் சாதாரண எல்.வி.எம். (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) போடலாம், எல்.வி.எம். தின்னை (எழுத எழுத இடம் ஒதுக்கும் வகை) மட்டும் இரண்டு சர்வருக்குப் பகிராதீர்கள்.

சரி, வேகம். 110 எம்.பி. என்பது ஒரு ஜிகாபிட் கேபிளின் உச்சம், அதில் குறையே இல்லை. கணக்கு சாஃப்ட்வேர் பெரிய ஃபைலையா எழுதுகிறது? துண்டு துண்டாக எழுதுகிறது. 7200 ஆர்.பி.எம். டிஸ்க் ஒன்று இப்படிச் சிதறலான வேலையை நொடிக்கு ஏறத்தாழ 80 தடவை செய்யும், நான்குக்கும் 320. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு வேலை (பழையதைப் படி, டிஸ்க் போனால் மீட்க உதவும் கணக்கான பேரிட்டியைப் படி, இரண்டையும் எழுது), ஆக நாஸின் கேஷ் (தற்காலிக மெமரி) கைகொடுக்காத நேரத்தில் கையில் நிற்பது 80-தான், அதையும் எல்லா வி.எம்.களும் பங்கு போட வேண்டும். என்.எஃப்.எஸ்.ஸுக்கு மாறினாலும் இது மாறாது. 'அசிங்க்' ஆக்கினால் பறக்கும் என்று யாராவது சொல்வார்கள், எழுதி முடிக்காமலே முடித்தேன் என்று நாஸ் பொய் சொல்வதுதான் அது, கரண்ட் போனால் பெயருக்கேற்ற அசிங்கமாகிவிடும். கணக்கு வி.எம்.மை மட்டும் சர்வருக்குள்ளேயே ஒரு ஜோடி எஸ்.எஸ்.டி.யில் மிரர் போட்டு வைத்து, தினமும் ராத்திரி நாஸுக்கு பேக்கப் எடுங்கள். மற்ற வி.எம்.களின் பேக்கப் அதே நாஸில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரீட் ஒன்லி ஆனதற்குக் காரணம் எளிது. லினக்ஸின் ஐஸ்கஸி கிளையண்ட் வழக்கமான அமைப்பில் 120 நொடிதான் பொறுக்கும், அப்புறம் டிஸ்க் எரர் என்று கைவிரித்துவிடும். என்.எஃப்.எஸ். ஹார்ட் மவுண்ட் நாஸ் வரும்வரை காத்திருக்கும், ஆனால் வி.எம்.முக்குள் இருக்கும் ஓ.எஸ்.ஸுக்கும் அதே பொறுமை இருக்கும் என்று நம்பாதீர்கள். நாஸில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள், ரீஸ்டார்ட் என்றால் முதலில் வி.எம்.களை ஷட்டவுன் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 9000 வைத்தேன், பிங் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நிற்கிறதே?
– வாசகி, மதுரை

பதில்: நடுவில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் ஸ்விட்ச், இன்னும் 1500-லேயே இருக்கும். சாதாரண பிங் சின்னது, அது போகத்தான் செய்யும். துண்டாக்காதே என்று சொல்லி 8972 பைட்டில் பிங் அடித்துப் பாருங்கள். போகவில்லையா, ஸ்விட்சின் ஜம்போ ஃபிரேம் (1500-க்கு மேற்பட்ட பாக்கெட்) செட்டிங்கைத் தேடுங்கள், அந்த வசதியே இல்லாத ஸ்விட்ச் என்றால் எல்லாவற்றையும் 1500-க்கே திருப்பிவிடுங்கள்.