கரையேறும் இடம் எங்கே?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வசிக்கிறோம். இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போகிறோம். ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துவோம். இனி ஞாயிறுதோறும் காலையில் பக்கத்துக் கடலிலேயே நீந்தலாம் என்று இருக்கிறோம். எக்ஸ்பிரஸ் சாலையோரம் இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல்வரிசைகள்) நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது, தண்ணீரும் அங்கே அமைதியாகத் தெரிகிறது. ஆனால் அம்மா, "அந்தக் கடல் ஆளை இழுக்கும்டா" என்று விடமாட்டேன் என்கிறார். அவர் சொல்வது சரியா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அம்மா சொல்வது சரிதான். எங்கே இழுக்கும், எப்போது இழுக்கும் என்பதற்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் போட்டால், நீங்கள் ஆசைப்பட்டிருக்கும் இடமே முதலில் அடிபடுகிறது. வாங்க வேண்டிய சாமான் எல்லாம் பிறகு.

நம் கரையில் மார்ச் வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து குறைந்தது, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கக் கொட்டியவைதான் சாலையோரக் கருங்கல் சுவரும் தூண்டில் வளைவுகளும். மெரினாவில் நீரோட்டம் ஆளை அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனாலும் கரை மணல்தான். உங்கள் பக்கம் இருநூறு மீட்டர் தள்ளினாலே எதிரில் கல் வந்துவிடும். அந்தக் கல்லில் கொட்டலசு என்னும் கூரிய ஓட்டு உயிரியும் சிப்பியும் பிளேடு மாதிரி ஒட்டியிருக்கும். முழங்கால் உயர அலை போதும், ஆளைத் தூக்கி அதில் தேய்த்துவிடும். அதனால் இறங்கும் இடத்தைத் தேடாதீர்கள். ஏறும் இடத்தைத் தேடுங்கள். நீங்கள் இறங்கும் இடத்திலிருந்து நீரோட்டம் போகும் திசையில் குறைந்தது முந்நூறு மீட்டருக்குக் கல் இல்லாத மணல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

தூண்டில் வளைவுகளுக்கு நடுவே தெரியும் அமைதி எப்படி வருகிறது என்று பாருங்கள். கரையோரமாக வடக்கே ஓடிவரும் தண்ணீர் வடபக்க வளைவின் கல்லில் முட்டுகிறது. மேலே போக வழியில்லை, பின்னால் அலை தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்பி ஓடுகிறது. வெளியே ஓடும் தண்ணீரில் ஆழம் கூடுதல், அலை உடைவது குறைவு. கரையிலிருந்து பார்த்தால் அது நுரையில்லாத, கொஞ்சம் கருத்த ஒரு பட்டை. 'இங்கே அலையே இல்லையே' என்று குடும்பத்தோடு இறங்குகிறவர்கள் இந்தப் பட்டையில்தான் இறங்குகிறார்கள். வேகமான இழுவை நொடிக்கு இரண்டு மீட்டரைத் தொடும். ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீந்துகிறவர்களின் வேகம் அது. எந்தக் கல்லிலிருந்தும் ஐம்பது மீட்டராவது தள்ளியே இருங்கள்.

பொருத்தமான மணல்வெளியைக் கண்டுபிடிக்க இணையத்தைவிட அந்தந்தக் குப்பத்து மீனவர்களே மேல். அவர்கள் நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பார்கள். 'இன்னிக்கு வெள்ளம் எந்தப் பக்கம்ணே?' என்று கேட்டால் திசையும் வேகமும் தெரிந்துவிடும். படகு ஏற்றி இறக்கும் இடம், வலை விரித்திருக்கும் இடம், பழைய கல்லோ கம்பியோ மணலுக்கடியில் கிடக்கும் இடம், மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். காசிமேடு துறைமுக வாயிலும், எண்ணூர் முகத்துவாரமும், அனல்மின் நிலைய வெந்நீர் கடலில் விழும் இடங்களும் பேச்சுக்கே இடமில்லாதவை. குளிக்கத் தடை என்று காவல்துறை பலகை வைத்திருக்கும் இடமும் அப்படியே. பலகை இல்லாத இடத்திலும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் செய்ய வேண்டிய சோதனை. ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டு போங்கள். ஆரஞ்சு முக்கால்வாசி மூழ்கி மிதக்கும். காற்று அதை அதிகம் தள்ளாது, தண்ணீர்தான் தள்ளும். முழங்கால் தண்ணீரில் நின்று முதல் அலைக்கு அப்பால் வீசிவிட்டு, கரையில் அதற்கு நேராக ஒரு நிமிடம் நடந்து தூரத்தை அளக்க வேண்டும். நூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் நீந்துகிறவர் ஒரு நிமிடத்தில் நாற்பது மீட்டர் போவார். ஆரஞ்சு நிமிடத்துக்கு இருபது மீட்டர் போனால், எதிர்த்து நீந்தும்போது அவர் வேகத்தில் பாதி போய்விட்டது. பதினைந்தைத் தாண்டினால் அன்றைக்கு இட்லி சாப்பிடப் போய்விடுங்கள். அதற்குள் இருந்தால், முதல் பாதியை நீரோட்டத்தை எதிர்த்தும் இரண்டாம் பாதியை அதனோடும் நீந்துங்கள். களைத்த பிறகு எதிர்த்து வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆரஞ்சோடு சேர்த்துப் பத்து நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். அலை கூட்டம் கூட்டமாக வரும். சில நிமிடம் சிறிதாக வந்துவிட்டு, திடீரென்று நாலைந்து பெரிது வரும். அந்தப் பெரிய அலை இடுப்புக்கு மேல் உடைந்தால் இறங்க வேண்டாம். அரிப்பு கண்ட கரை செங்குத்தாக இருக்கும். அலை படிப்படியாக உருளாமல் கரையிலேயே மொத்தமாக விழுந்து ஆளைத் தலைகுப்புற அடிக்கும். கழுத்தெலும்பு முறிவது பெரும்பாலும் ஆழத்தில் இல்லை, இந்த இடுப்பளவுத் தண்ணீரில்தான்.

மாதங்களில், ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் நடுவரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும்போதே தென்கடலிலிருந்து 'கள்ளக்கடல்' என்னும் நெடும் அலை வந்து சேரலாம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்னும் கடல் தகவல் மையம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது, சனிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலையில் மேல்காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். வெளியே போவது சுலபம், திரும்புவது அந்தக் காற்றை எதிர்த்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளமே கதி. வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் தெற்கே திரும்பிவிடும், கடலும் கலங்கிக் கொந்தளிக்கும். துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே உங்களுக்கு விடுமுறை.

தண்ணீரின் சுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மணலித் தொழிற்சாலைகளையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்து வரும் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடல் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கியதும் அவ்வழியேதான். நல்ல மழை பெய்தால் அடுத்த மூன்று நாள் கடலில் தலை நனைக்காதீர்கள். குளிக்கத் தகுந்த கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு 100 மில்லிலிட்டருக்கு 100 மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி). தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வருடம் இரண்டு முறை மாதிரி கொடுத்துப் பாருங்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் இது தெரியாது. ஆறு பேரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும் வரை இறங்கக் கூடாது. கடலில் பட்ட காயம் சிவந்து பரவி காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், கடல்நீர்க் காயம் என்று சொல்லுங்கள்.

உங்கள் ஒரு கிலோமீட்டருக்கு வருவோம். 25 மீட்டர் குளத்தில் அது 40 நீளம், அதாவது 39 முறை சுவரை உதைத்திருக்கிறீர்கள். கடலில் சுவர் கிடையாது. சுவரைத் தொடாமல், அதற்கு முன்பே திரும்பி ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். அது முடிந்த கையோடு பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்கவும், ஐந்து நிமிடம் மல்லாந்து கிடக்கவும் வர வேண்டும். வராதவர் இன்னும் இரண்டு மாதம் குளத்தில் இருக்கட்டும்.

குளத்தில் தரையில் கோடு இருக்கும், கடலில் அதுவும் இல்லை. ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒரு முறை, முதலை மாதிரி கண் மட்டும் மேலே வரும்படி தலையை உயர்த்திப் பார்க்கப் பழகுங்கள். தலை முழுக்கத் தூக்கினால் கால் தாழும், பத்தே நிமிடத்தில் கழுத்து வலிக்கும். வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கியும் தெற்கே துறைமுகக் கிரேன்களும் திசை காட்டும், ஆனால் நீங்கள் நகர்ந்துவிட்டீர்களா என்று காட்டாது, அவ்வளவு தூரம். அதற்குக் கரையில் ஒரே நேர்கோட்டில் இரண்டு அடையாளம் வேண்டும்: சாலையோர விளக்குக் கம்பம் ஒன்று, அதற்கு நேர் பின்னால் செல்போன் டவர் ஒன்று. கரையைப் பார்த்தபடி மிதக்கும்போது டவர் கம்பத்தை விட்டு வலப்பக்கம் விலகினால் நீங்கள் வடக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள், இடப்பக்கம் விலகினால் தெற்கே. மீனவர்கள் வலை போட்ட இடத்தை மறுநாள் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

முதல் ஞாயிறு அலையைத் தாண்டிப் போய் ஐந்து நிமிடம் மிதந்துவிட்டுத் திரும்பினால் போதும். அடுத்தடுத்து 200, 400, 800 மீட்டர் என்று கரைக்கு இணையாகவே கூட்டிக்கொண்டு போங்கள். கரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. இறங்கும்போது காலைத் தேய்த்தபடி நடந்தால் மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிவிடும். எதிரே அலை உடையும்போது அதன் அடியில் மூழ்கிப் போங்கள், மேலே தாவாதீர்கள். ஏறும்போது பின்னால் பார்த்துக்கொண்டே வாருங்கள், கை மணலைத் தொடும் வரை எழுந்து நிற்காதீர்கள்.

சாமான் கொஞ்சம்தான். ஆரஞ்சு அல்லது ரோஜா நிறத் தொப்பி (நீலமும் வெள்ளையும் கடலில் தெரியாது), கண்ணாடி, ஒரு விசில், இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் காற்று மிதவை. மிதவையை ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதிகாலையில் திரும்பும் ஃபைபர் படகுக்காரர் கண்ணுக்கு உங்கள் தலை ஒரு தேங்காய்தான், மிதவைதான் மனிதன் என்று காட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள்தான் போகாது, சிறிய ஃபைபர் படகுகள் போய்வரும். உப்புநீர் உராய்வுக்குக் கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவுங்கள். வசதி இருந்தால் ஒரு படகை வாடகைக்கு எடுத்து உடன் வரச் சொல்லுங்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடப்பவர்களே வழிநெடுகப் படகோடுதான் நீந்துகிறார்கள், உங்களுக்கு அதில் கூச்சம் வேண்டாம். படகில் ஆளை ஏற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும்.

இழுவையில் மாட்டினால் அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியே கொண்டுபோகும். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் ஓய்ந்துவிடும். எதிர்த்து நீந்தி மூச்சு வாங்குவதுதான் ஆபத்து. மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். ஓய்ந்ததும் கல்லை விட்டு விலகி, கரைக்கு இணையாகப் போய், அலை உடையும் இடமாகப் பார்த்து உள்ளே வாருங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல்நீரிலேயே கழுவுங்கள். திருக்கையோ கெளுத்தியோ குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மூழ்கியவரை மீட்டால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வேலையே கூடாது, அதில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சில்லை என்றால் முதலில் ஐந்து முறை வாயில் ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அமுக்கு, 2 ஊது என்று 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாமல் செய்யுங்கள். ஆறு பேரும் ஒரு நாள் பயிற்சியில் இதைக் கையால் செய்து பழகிவிட்டே கடலுக்குப் போக வேண்டும்.

கடைசியாகக் கரைக்காவல். கரையில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் கையில் பெயர்ப் பட்டியல், போன், விசில் மூன்றும் இருக்கும்: கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. பக்கத்தில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்று, இருபது மீட்டர் கயிறு கட்டி. கயிறு எட்டும் தூரத்தில் தவிப்பவரிடம் அதை வீசலாம், அவர் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும். காப்பாற்றக் குதிக்க வேண்டிய அவசியம் வராது. தண்ணீரில் இருப்பவர்கள் வேகம் ஒத்த இருவர் இருவராகவே போக வேண்டும். அப்படியென்றால் உங்கள் ஆறு பேரில் ஒருவர் கரையில் நின்றால் ஐந்தாமவருக்கு ஜோடி இல்லை, நாலு பேர்தான் நீந்த முடியும். கரையில் இருப்பவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண்ணை எடுக்காமல் பார்த்தால் போதும். உங்கள் அம்மா வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.