தன்னையே திருப்பித் தரும் செயற்கூறு

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். கொடுத்த எண்ணைத் திரையில் காட்டிவிட்டுத் தன்னையே திருப்பித் தரும் செயற்கூறு (function) ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதினேன், தடையின்றி ஓடியது. அதையே ஹாஸ்கெல் மொழியில் எழுதினால், முடிவில்லாத வகையை (type) உருவாக்க முடியாது என்று, நிரலை ஓட்டுவதற்கு முன் மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுக்கிறது. தவறு எங்கே? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் தர்க்கத்தில் தவறில்லை. அந்தச் செயற்கூற்றின் வகையை, அதாவது அது எதை வாங்கி எதைத் தருகிறது என்பதை, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது ஓர் எண்ணை வாங்கி ஒன்றைத் தருகிறது. அந்த ஒன்றும் எண்ணை வாங்கி இன்னொன்றைத் தருகிறது. தாள் தீர்ந்தாலும் வகை தீராது. பைத்தான் ஓடும்போதுதான் வகையைப் பார்க்கும் என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஹாஸ்கெலோ ஓடுவதற்கு முன்பே, தெரியாத வகைகளை மாறிகளாகக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கிறது. ஒரு மாறி தன் விடைக்குள்ளேயே மீண்டும் வந்தால் அத்துடன் கைவிட்டுவிடுகிறது. இந்தச் சோதனை, இத்தகைய சமன்பாடுகளைத் தீர்க்கக் கணினி அறிவியலாளர் ராபின்சன் 1965இல் வெளியிட்ட வழிமுறையிலேயே உண்டு.

தீர்வு, வகைக்கு ஒரு பெயர் வைப்பதுதான். நம் சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னாலே கட்டடம் எதுவென்று டாக்சி ஓட்டுநருக்குத் தெரிந்துவிடுவதைப் போல, பெயர் கிடைத்ததும் வகையை முழுக்க விரித்து எழுதும் தேவை போய்விடுகிறது. கோ மொழியில் பெயரிட்ட செயற்கூற்று வகை தன்னையே விடையாகக் குறிப்பிடலாம், வேறெதுவும் வேண்டியதில்லை. சி மொழியில் வகைக்குப் பெயரிடும் டைப்டெஃப் தன்னையே சுட்ட முடியாது என்பதால், செயற்கூற்றின் முகவரியான சுட்டியை ஸ்ட்ரக்ட் என்ற தொகுப்பு ஒன்றுக்குள் வைத்து அந்த ஸ்ட்ரக்டைத் திருப்பித் தர வேண்டும். ஹாஸ்கெலில், புதிய வகைக்குப் பெயரிடும் நியூடைப் கொண்டு ஓர் உறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் உறையைப் பிரித்துத்தான் அழைக்க வேண்டும் என்றாலும், ஓடும்போது அந்த உறைக்குச் செலவே இல்லை.

ஓகேமல் மொழியில், ரெக்டைப்ஸ் என்ற விருப்பத்தேர்வைக் கம்பைலருக்குக் கொடுத்தால் பெயரே இல்லாமலும் இத்தகைய வகைகள் ஏற்கப்படும். ஆனால் ஒரு மதிப்பைக் கொடுக்க மறந்த சாதாரணப் பிழைகூட அப்போது விசித்திரமான வகையுடன் தேறிவிட்டு, வேறெங்கோ தலைகாட்டும். மாணவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் செயற்கூறு திரையில் எழுதுவதால்தான் அதற்குப் பயன் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு எண்களைக் கூட்டச் சொன்னால், எத்தனை முறை அழைத்தாலும் கையில் கிடைப்பது செயற்கூறுதானே தவிர, கூட்டுத்தொகை அன்று. எனவே இதுவரை வந்த விடையையும் அடுத்து அழைக்க வேண்டிய செயற்கூற்றையும் ஒரு ஜோடியாகத் திருப்பித் தருவதே நல்லது.

அந்த அடுத்த செயற்கூறு வேறொன்றாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டால், இது உண்மையிலேயே பயனுள்ள கருவியாகிறது. கோ மொழியில் வார்ப்புரு உரைகளைக் கையாளும் டெம்ப்ளேட் நூலகம் உரையைச் சொற்களாகப் பிரிப்பது இப்படித்தான்: ஒவ்வொரு நிலையும் ஒரு செயற்கூறு, அது திருப்பித் தருவது அடுத்த நிலை, வெறுமை (nil) திரும்பி வந்தால் சுழற்சி நின்றுவிடும்.