அதிர்வுப் பலகையிலிருந்து இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

மகளுக்கு 7 வயது. மூளை முடக்குவாதத்தால் இரு கால்களும் இறுகி, நுனிக்காலில்தான் நடக்கிறாள். பிசியோதெரபி மையத்தில் அதிரும் பலகையில் நிற்க வைக்கிறார்கள். இறங்கியதும் குதிகால் தரையில் படுகிறது. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு முடிவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. இதில் பலன் உண்டா, வெறும் கண்துடைப்பா? சொந்தமாக ஒன்று வாங்கலாமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

கண்துடைப்பு இல்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத் தளர்வுதான் இதன் பலன். அதை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இறுக்கத்தின் வேர் காலில் இல்லை, மூளையில். தசையை அடக்கி வைக்கச் சொல்லி மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு வரவேண்டிய கட்டளை குறைந்துபோனதால், தசை கொஞ்சம் வேகமாக இழுபட்டாலே தண்டுவடம் அதைச் சுருக்கிவிடுகிறது. அதிர்வு, இழுபடுவதை உணரும் நரம்புகளைச் சரமாரியாகத் தூண்டி, அந்த அனிச்சைச் செயலைச் சிறிது நேரம் மந்தமாக்குகிறது. மூளைக் காயம் அப்படியே இருப்பதால் இறுக்கம் திரும்பத்தான் செய்யும்.

அதனால் இறங்கியதும் வரும் முதல் அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். முழங்காலை நேராக வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, உங்கள் முன்கையால் பாதத்தை மெதுவாக மேலே தள்ளுங்கள். 30 விநாடி பிடித்து விடுங்கள். நான்கைந்து முறை போதும். விரல்களை மட்டும் பிடித்து வளைத்தால் கெண்டைக்கால் நீளாது, பாதத்தின் நடுப்பகுதிதான் மடங்கிக் கெடும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிறகு ஸ்ப்ளின்ட் (பாதத்தைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி) மாட்டி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவும், குதிகால் ஊன்றி நடக்கவும் பழக்குங்கள். மையத்தில் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பலகையில் ஏற்றி, அப்படியே பஸ்ஸுக்கு அனுப்பினால், வரிசையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்: முதலில் அதிர்வு, பிறகு பயிற்சி.

அளவு விஷயம். 12 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 12 அதிர்வு), ஒரு நிமிடத்தில் தொடங்கி, பழகப் பழக 18 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை போகலாம். 3 நிமிடம் நின்று, அதே அளவு ஓய்வு. இப்படி மூன்று சுற்று, வாரத்தில் 3 அல்லது 4 நாள். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். விறைப்பாக நின்றால் அதிர்வு தலை வரை ஏறும். பல் தட்டுவதும் பார்வை மங்குவதும் அதனால்தான். தராசு போல இடமும் வலமும் மாறி மாறி ஆடும் பலகையில், கால்களை அகட்ட அகட்ட வீச்சு கூடும். எனவே முதலில் நடுவை ஒட்டி நிற்கட்டும். குதிகால் அந்தரத்தில் நின்றால் அடியில் சாய்வுக்கட்டை வையுங்கள், இல்லையென்றால் நுனிக்கால் நிலைக்கே பயிற்சி கொடுத்ததாகிவிடும். காலில் அரிப்பும் சிவப்பும் வந்து தணிவது சகஜம். தலைவலி, மயக்கம், மூட்டுவலி வந்தால் நிறுத்துங்கள்.

இப்போது வாங்க வேண்டாம். உடல் இளைக்க என்று விற்கும் பலகைகள் பலவற்றில் ‘வேகம் 1 முதல் 99’ என்று இருக்குமே தவிர, எத்தனை ஹெர்ட்ஸ், வீச்சு எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்காது. இதுவரை வந்த ஆய்வுகளும் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. தொடங்கும் முன் கணுக்கால் எவ்வளவு மேலே மடங்குகிறது, பத்துக் காலடி வைத்தால் எத்தனை முறை குதிகால் ஊன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 அல்லது 12 வாரத்தில் அந்த எண்கள் மாறவில்லை என்றால் விட்டுவிடலாம்.

மசாஜ் கன் இருக்கிறதே, அதையே கெண்டைக்காலில் வைத்தால் என்ன? (ஒரு வாசகர், ஈரோடு)

வைக்காதீர்கள். அது அதிர்வதில்லை, குத்துகிறது. அதன் தலை ஒவ்வொரு குத்திலும் 10 மில்லிமீட்டருக்கு மேலும் முன்னே பாயும். பெட்டியில் நிமிடத்துக்கு 2,400 என்று போட்டிருந்தால் விநாடிக்கு 40 குத்து. தெரபிஸ்டுகள் தசைநாரில் வைக்கும் சிறு கருவியோ 1 மில்லிமீட்டர் அளவில், 80 முதல் 100 ஹெர்ட்ஸில் அதிர்வது. நடக்காத குழந்தைகளின் எலும்பு மெலிந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு சிக்கல், வைக்கும் இடம். அதிர்வு பட்ட தசை தானாகச் சுருங்கும்; ஸ்வீடனின் எக்லுண்டும் ஹாக்பார்த்தும் 1966-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். எனவே கெண்டைக்கால் இறுக்கத்துக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசையின் நாரில்தான் வைப்பார்கள். அது சுருங்கும்போது கெண்டைக்குத் தளரச் சொல்லும் கட்டளை போகும். மடங்கிய மணிக்கட்டுக்கு, முன்கையின் வெளிப்பக்கம். இறுகிய தசையிலேயே வைக்கும் முறையும் உண்டு, ஆனால் அதைப் பரிசோதித்த தெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

மகனுக்கு 9 வயது. நிற்க முடியாது, தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும், வலிப்பும் உண்டு. அவனுக்கும் செய்யலாமா? (ஒரு தந்தை, நாகர்கோவில்)

முதலில் இடுப்பு எக்ஸ்-ரே. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டுக் கிண்ணத்தை விட்டு நகரும்; நிற்காத குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். அப்படி நகர்ந்திருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லை என்றாலோ, அண்மையில் எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தாலோ பலகை வேண்டாம். தலையில் ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்), வயிற்றில் மருந்து பம்ப் இருந்தால் அதைப் பொருத்திய மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். நிற்காத குழந்தைக்குச் சாய்வு மேசையுடன் கூடிய பலகை உண்டு. அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டு நிற்க வைப்பது தவறு.

வீட்டில் ஒன்று பாருங்கள். வெந்நீரில் குளித்த பிறகு, காலை மிக மெதுவாக விரியுங்கள். மெதுவாக விரித்தால் வருகிறது, வேகமாக விரித்தால் பிடிக்கிறது என்றால் அது நரம்பு இறுக்கம். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் அதே இடத்தில் நின்றால், தசையே குட்டையாகிவிட்டது. அங்கே அதிர்வுக்கு வேலை இல்லை, படிப்படியான மாவுக்கட்டோ அறுவை சிகிச்சையோதான். திடீரென்று இறுக்கம் கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, அழுத்தும் ஸ்ப்ளின்ட் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். இந்தப் பரிசோதனைகளுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம்.

அதிர்வு சிகிச்சையில் நல்ல மாற்றம் தெரிகிறது. இறுக்கம் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகி, வேலூர்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று விட்டால் இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பும், வலிப்பும் வரலாம். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில்.