ஊரில் ஒரு கலைவிழா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஏழெட்டுப் பேர். இருவர் ஓவியர்கள், ஒருவர் புகைப்படக்காரர், மற்றவர்கள் வெறும் ரசிகர்கள். எங்கள் பகுதி மக்களுக்காக அடுத்த ஆண்டு மூன்று நாள் சமகாலக் காட்சிக்கலை விழா நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். ஓவியம், சிற்பம், காணொளி, ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் இன்ஸ்டலேஷன் என்று நாற்பது படைப்புகள். தொடக்கவிழா, சிறப்பு விருந்தினர், சுவரொட்டி எல்லாம் பேசியாயிற்று. ஆனால் "இதெல்லாம் யாருக்குப் புரியும்? இயற்கைக்காட்சி, உருவப்படம் என்று வைத்தால் நாலு பேராவது வருவார்கள்" என்று எங்களில் ஒருவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குழு இரண்டாகி நிற்கிறது. மக்களுக்குப் புரிவதை வைப்பதா, நாங்கள் நம்புவதை வைப்பதா?

ம.

அன்புள்ள ம.,

தொடக்கவிழாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படைப்புகளுக்குப் பக்கத்தில் மூன்று நாளும் யார் நிற்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் கேள்வியைவிட எனக்கு அதுதான் உறுத்தியது.

சில வருடங்களுக்கு முன் இதுபோன்ற ஒரு கண்காட்சியில் நானும் ஏணி பிடித்தேன், ஆணி அடித்தேன். ஓர் அறையில் காணொளிப் படைப்பு. பதினோரு நிமிடம் ஓடி, தானாகத் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டாம் நாள் மதியம் எட்டிப் பார்த்தால் சுவர் முழுக்க நீலம். 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருந்தது. எதிரே பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் வயரை அழுத்திச் செருகினேன். படம் வந்தது. "அப்ப இவ்வளவு நேரம் ஓடுனது என்னங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. எனக்கு வாய் எழவில்லை. இருபது நிமிடமாக உட்கார்ந்திருக்கிறார்களாம். அந்தப் பொறுமைக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆளை நிறுத்த எங்களுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் வாசலில் விருந்தினருக்காகக் காத்திருந்தோம்.

அதனால் நீங்கள் நம்புவதையே வையுங்கள். ஊரோடு பேசும் வேலையைச் செய்தால் போதும். அது சுவரொட்டி ஒட்டுவதற்கு வெகுமுன்பே தொடங்கும்.

ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரில் 1970களில் ஜார்ஜ் ரிக்கி என்ற சிற்பியின் அசையும் சிற்பம் ஒன்றை ஊரில் வைக்க முடிவானபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அங்கே அருங்காட்சியகத்தில் இருந்த கிளவுஸ் புஸ்மான், சண்டைக்குப் போகாமல், நவீன சிற்பம் என்றால் என்ன என்று பொதுமக்களுக்கு உரைகள் ஏற்பாடு செய்தார். அதுவே வளர்ந்து 1977இல் காஸ்பர் கோனிக் என்ற கண்காட்சி அமைப்பாளருடன் சேர்ந்து நடத்திய சிற்பக் கண்காட்சி ஆனது. இன்றும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. முதல்முறை கிளாஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி ஏரிக்கரையில் மூன்று கான்கிரீட் பந்துகளை வைத்தார், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர் விட்டம். மாணவர்கள் திரண்டு வந்து அவற்றை ஏரிக்குள் உருட்டிவிடப் பார்த்தார்கள். பந்து அசையவில்லை. இப்போது ஊர்க்காரர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். அந்தப் பந்துகளை அவற்றின் எடை காப்பாற்றியது. உங்கள் படைப்புகளுக்கு அந்த எடை இருக்காது, ஆள்தான் வேண்டும்.

ஜப்பானின் கிராமப்புறத்தில் நடக்கும் எச்சிகோ-ட்சுமாரி கலைவிழாவுக்குப் பின்னால் அதன் இயக்குநர் ஃப்ராம் கிடகாவாவின் வருடக்கணக்கான ஊர்க்கூட்டங்கள் இருக்கின்றன. 2000இல்தான் முதல் விழா. அதில் இல்யா, எமிலியா கபகோவ் என்ற கலைஞர் தம்பதியர் படிக்கட்டு வயல்களில் உழவர்களின் உருவங்களை நிறுத்தினார்கள். நிலத்துக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. அவரை மீறி அங்கே ஒரு குச்சியைக்கூட நட முடியாது, இல்லையா?

எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ். 1982இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடக்கும் டாக்குமெண்டா என்ற சமகாலக் கலைக் கண்காட்சியில் அருங்காட்சியகத்தின் முன்னால் 7000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் கொண்டுவந்து குவித்தார். ஒரு கல்லை எடுக்க வேண்டுமானால் நகரத்தில் எங்காவது ஒரு மரத்தை நட்டு அதன் பக்கத்தில் அதை ஊன்ற வேண்டும். பார்க்கச் சகிக்காத குவியல் என்று பலருக்கு எரிச்சல். ஆனால் அது குறைய வேண்டுமென்றால் மரம் நடுவதைத் தவிர வேறு வழி கிடையாது! பாய்ஸ் 1986இல் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987இல் அவர் மகன் நட்டார். படைப்பைப் பார்க்க வந்த ஊரை அதன் வேலையாளாகவும் ஆக்கிவிட்டார் மனிதர். உங்கள் விழாவிலும் இப்படி ஊர் கைவைத்து முடிக்கிற மாதிரி ஒரே ஒரு படைப்பாவது இருக்கட்டும்.

இனி கணக்கு. நாற்பதைப் பன்னிரண்டாகக் குறையுங்கள், மூன்று நாளைப் பத்து நாளாக நீட்டுங்கள். முதலில் தனியாக வருகிறவர் யோசித்துவிட்டு, இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதற்கு நாள் வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தன்னார்வலர். கலைஞரே அவருக்கு ஒரு மாலை முழுக்கத் தன் படைப்பைக் காட்டட்டும்: எதனால் செய்தது, எப்படிச் செய்தது, எங்கே இடறினார். அர்த்தம் சொல்லும் வேலை தன்னார்வலருக்கு வேண்டாம். "உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்தால் போதும். விளக்க அட்டையில் பெரிய எழுத்தில் நாலே வரி. க்யூரேட்டர்கள், அதாவது கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர்கள், எழுதும் அந்த மொழி, எனக்கே தலை சுற்றும்.

தாள் ஓவியங்கள் வெளிச்சத்தில் மங்கும்; அவற்றுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் போகக் கூடாது, ஜன்னலோரம் மாட்டவே மாட்டாதீர்கள். படத்தின் நடு மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் இருப்பார்கள் என்றால் கொஞ்சம் இறக்குங்கள். கலைஞருக்கு ஊதியம், ஏற்றி இறக்கும் செலவு, உடைந்தால் யார் பொறுப்பு, என்றைக்குத் திருப்பி அனுப்புவது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பிரித்துக் கட்டும் நாளுக்கு யார் யார் வருவார்கள் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். அன்றைக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள், அனுபவம்.

எதிர்த்துப் பேசிய அந்த நண்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்க்க வருகிறவரின் சந்தேகத்தை வாசலுக்கு முன்பே கேட்டவர் அவர்தான். முதல்நாள் காலை காணொளி அறைக்கு அவரையே போடுங்கள். வயரை எங்கே செருகுவது என்று முந்தின நாளே காட்டிவிடுங்கள்.