கோவைக் கிரைண்டரும் அமெரிக்கச் சாக்லேட்டும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

கோவை கணபதியில் மேசை கிரைண்டர் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் கைவினைச் சாக்லேட் செய்பவர்கள் நம் ஊர் கிரைண்டரில்தான் கோகோவை அரைக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முதல் தவணையாக நூறு கிரைண்டர் அனுப்பலாம் என்றிருக்கிறோம். பெட்டியில் புவிசார் குறியீட்டைப் பெரிதாக அச்சடித்து, ஆட்டுக்கல்லின் ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியத்தைச் சொல்லும் சிறுநூல் ஒன்றையும் வைக்க எண்ணம். மோட்டாரை மாற்றும் செலவைத் தவிர்க்க ஒவ்வொன்றோடும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்துவிடலாமா? இந்த ஜிஎஸ்டி குழப்பத்தில் சிறுதொழில் தாக்குப்பிடிக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வாங்குபவர்களைப் பிடிப்பது எப்படி?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

ஏற்றுமதி வெற்றி பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைப் படித்துக் கொஞ்ச காலமாகவே எரிச்சலில் இருக்கிறேன். நம் கல், நம் மரபு, வெளிநாட்டுக்காரர் வியந்தார், முடிந்தது கதை. இயந்திரத்தில் எது உடைந்தது, அதை யார் சரிசெய்தார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் அந்த எரிச்சலின் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது. கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பட்டறையை விற்றுவிட்டு அடுக்குமாடி கட்டாமல் கடல் தாண்டி அனுப்ப நினைக்கிறீர்களே, அந்த நினைப்புக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜிஎஸ்டியை முதலில் ஓரமாக வைப்போம். கல் வைத்த கிரைண்டருக்கு 28 சதவீதம் போட்டார்கள், 12 ஆக்கினார்கள், 5 ஆக்கினார்கள், 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். உள்ளூர் வியாபாரத்துக்கு அது பெரிய தலைவலிதான். ஏற்றுமதிக்கு வரி சுழியம். உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்துவிட்டு வரி கட்டாமலே அனுப்பலாம், உதிரிக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் ஆடிட்டருக்கு அரை நாள் வேலை.

புவிசார் குறியீடு இருக்கட்டும், சிறியதாக ஒட்டுங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயரை மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளாமல் அது காக்கும். அமெரிக்காவின் ஆரிகனில் சாக்லேட் செய்பவருக்கு அது ஒரு ஸ்டிக்கர். ஈராயிரம் ஆண்டுச் சிறுநூலைத் தயவுசெய்து அச்சடிக்காதீர்கள். மெக்சிகோவில் மெத்தாத்தே என்ற சாய்வுக்கல்லின் அடியில் தணல் வைத்துக் கோகோ அரைத்தவர்கள் நம்மைக் கேட்டா அரைத்தார்கள்? 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆலைகளில் கல் தளத்தின் மேல் கல் உருளை சுழலும் மெலாஞ்சர் இருந்தது. கல்லில் அரைப்பதை நாம் போய் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாமல் போனது அளவு. சாக்லேட் ஆலைக்கான இயந்திரங்கள் பெரியவை, விலையும் அப்படி. வீட்டுப் பின்கட்டில் இரண்டு கிலோ கோகோவை வறுத்துப் பார்க்க ஆசைப்பட்டவருக்கு மேசைமேல் வைக்கும் கல் இயந்திரம் உலகில் வேறெங்கும் எளிதாகக் கிடைக்கவில்லை. 1955இல் கோவையில் சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். பிறகு சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது, மேசை கிரைண்டரும் வந்தது. இட்லிக்காகச் சுருக்கிய அந்த அளவுதான் 2000களின் தொடக்கத்தில் ஆரிகனில் சாக்லேட் ஆல்கெமி என்ற இணையதளம் நடத்திய ஜான் நான்சியின் கண்ணில் பட்டது. சாந்தா என்ற மேசை கிரைண்டரில் கோகோ அரைக்கலாம் என்ற செய்தி அவர் வழியாகத்தான் வீட்டுச் சாக்லேட்காரர்களிடம் பரவியது.

இன்னொன்றும் தற்செயலாக அமைந்தது. வட்டத்தளத்தில் உருளைவடிவக் கல் சுழலும்போது உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே வேகத்தில் உருள முடியாது. ஓரிடத்தில் உருளும், மற்ற இடத்தில் வழுக்கித் தேய்க்கும். கூம்புக் கல்லில் இந்த வழுக்கல் குறைவு. சாக்லேட்டுக்கு இந்தத் தேய்ப்புதான் வேண்டும். துகள் 20, 25 மைக்ரானுக்குக் கீழே போனால்தான் நாக்குக்கு மணல் தட்டாது. இதை நினைத்து நம்மில் யாரும் கல்லை வடிவமைக்கவில்லை, ஆகவே பெருமையும் வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறேன். தம்பி, கிரைண்டர் பட்டறைக்காரர் கேட்கிற கேள்வியா இது? முதலில், அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே நம் மோட்டார் ஓட ஸ்டெப் அப் வேண்டும், ஸ்டெப் டவுன் அல்ல. அது கிடக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், அதற்கு 50 ஹெர்ட்ஸும் 60 ஹெர்ட்ஸும் ஒன்றுதான். உங்கள் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். இங்கே நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுவது அங்கே 1730 வரை போகும். டிரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவை வெளிச்சுவருக்குத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 44 சதவீதம் கூடும். மாவு கல்லுக்கு அடியில் நிற்காமல் சுவரேறி மூடியில் தெறிக்கும். அதே நேரம் மோட்டாரின் திருகுவிசை குறையும். சுமை கூடி வலு குறைந்தால் வைண்டிங் சூடாகும், பிறகு கருகிய வாசனை வரும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று வைண்டிங் போட்ட மோட்டார், அதற்கேற்ற கெபாசிட்டர், மோட்டார்பக்கம் சிறிதாக்கிய புல்லி. வேறு குறுக்குவழி கிடையாது.

இனி நான் எழுத நினைத்த விஷயம். புஷ், அதாவது உருளைக்கல்லின் துளைக்குள் சாஃப்டைச் சுற்றி நிற்கும் சிறு குழல். அது ஏன் முக்கியம் என்பதற்கு முதலில் ஒரு கதை.

சாந்தாவை வாங்கிய முதல் சாக்லேட்காரர்கள் அதை மிக மோசமாக நடத்தினார்கள். நம் வீட்டில் உளுந்துக்கு அரைமணி நேரம் ஓடும் இயந்திரத்தை 48 மணி, 72 மணி என்று நிறுத்தாமல் ஓட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் அரைமணி என்றால் நம் வீட்டு கிரைண்டர் வருடத்துக்கு 180 மணி நேரம் ஓடும். அவர்களுக்கு 48 மணி நேரம் ஓர் ஈடு. நாலு ஈட்டில் ஒரு வருடத் தேய்மானம் முடிந்துவிடும். பெல்ட் அறும், மோட்டார் சூடேறி நிற்கும், டிரம்மோடு தளக்கல்லை ஒட்டிய பசை இளகும். இதையெல்லாம் இயந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தது, வாரண்டி கிடையாது என்று ஒரே வரியில் தள்ளியிருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். அட்லாண்டா பக்கத்தில் இந்தியக் குடும்பங்களுக்கு கிரைண்டர் விற்றுக்கொண்டிருந்த ஆண்டாள் பாலு, பாலசுப்ரமணியன் தம்பதி அப்படிச் செய்யவில்லை. சாக்லேட்காரர்கள் சொன்னதை வைத்து இயந்திரத்தை மாற்றி, கோகோடவுன் என்ற பெயரில் அவர்களுக்கென்றே விற்றார்கள். பிரிமியர் மேசை கிரைண்டரும் பின்னால் சாக்லேட் ரிஃபைனர் என்ற பெயரோடு வந்தது. மற்றவர்களும் வந்தார்கள். கோவையிலிருந்து இன்று பெரிய மெலாஞ்சர்கள் போவது இந்தப் புகார்களின் வழியாகத்தான்.

புஷ்ஷில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உருளைக்கல்லின் துளையில் பிளாஸ்டிக் புஷ், அதற்குள் ஸ்டீல் சாஃப்ட். மாவரைக்கும்போது மாவின் தண்ணீரே புஷ்ஷுக்கு மசகு. சூடும் கிடையாது, நாம்தான் குளிர்ந்த தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போமே. சாக்லேட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அரைபடும் கலவை 45 முதல் 55 டிகிரியில் இருக்கும். 25 மில்லிமீட்டர் புஷ் 30 டிகிரி சூடேறினால் 0.06 முதல் 0.08 மில்லிமீட்டர் விரியும். வெளியே கருங்கல், அது அவ்வளவாக விரியாது. எனவே புஷ் உள்பக்கம் விரிந்து சாஃப்டைக் கவ்வும். பட்டறையில் கையால் சுற்றிப் பார்த்து வழவழவென்று இருக்கிறது என்று அனுப்புவீர்கள், அங்கே மூன்றாவது மணி நேரத்தில் கல் சுழலாமல் இழுபடும். சுழலாத கல் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். ஒருமுறை தட்டையானால் பிறகு எந்த புஷ் போட்டாலும் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்தக் கல்லைத் தூக்கிப்போட வேண்டியதுதான். பெல்ட் வழுக்குவதும் மோட்டார் சூடாவதும் இதன் விளைவு. பட்டறைக்காரர்கள் பெல்ட்டை மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்பார்கள்.

சரி, இடைவெளியைக் கூட்டி வைத்தால்? அரைபட்ட சர்க்கரை அந்த இடுக்கில் புகுந்து உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். துளை முட்டைவடிவமாகும், கல் சாயும், விளிம்பு தளக்கல்லில் உரசும், சாக்லேட்டில் சாம்பல் நிறக் கோடு தெரியும். எனவே நைலானை விட்டுவிடுங்கள். அது தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், அளவு நிற்காது. உணவுத் தரமுள்ள அசிட்டால் கம்பியில் கடைந்த புஷ் வேண்டும். டெல்ரின் என்று கேட்டால் கடையில் தெரியும். அளவை 50 டிகிரியில் பாருங்கள். கல்லை வெந்நீரில் அல்ல, ஓவன் அடுப்பில் சூடாக்கி, கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். புஷ்ஷைப் பசைபோட்டு ஒட்டாதீர்கள், வாங்கியவர் தானே கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு செட் புஷ்ஷும் ஒரு பெல்ட்டும் கூடுதலாக வையுங்கள். பாரம்பரியச் சிறுநூலுக்கு ஒதுக்கிய காசே அதற்குப் போதும். பழுதான 15 கிலோ இயந்திரத்தை அங்கிருந்து திருப்பி வரவழைக்கும் கூலியை விசாரித்துப் பாருங்கள், நான் ஏன் கத்துகிறேன் என்று புரியும்.

அடுத்ததாக, அனுப்பும் முன் உங்கள் பட்டறையிலேயே சாக்லேட் அரையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலை அடிவாரத்தில் கோகோ விளைகிறது. சோக்லெட் (Soklet) என்ற பெயரில் அங்கேயே சாக்லேட்டும் செய்கிறார்கள். உங்கள் பட்டறையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு கிலோவுக்கு வறுத்துத் தோல் நீக்கிய கோகோப் பருப்பு 650 கிராம், கோகோ வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 300 கிராம். உளுந்து பார்த்த கல் வேண்டாம், அதன் நுண்துளைகளில் ஈரமும் புளித்த வாசனையும் இருக்கும். புதுக் கல்லைக் கழுவி இரண்டு நாள் உலர்த்தி, சர்க்கரையும் எண்ணெயும் போட்டு ஒரு ஓட்டம் ஓட்டி, அதைக் கொட்டிவிடுங்கள். பருப்பை 55 டிகிரிக்குச் சூடாக்கி, வெண்ணெயை உருக்கி, ஓடும் டிரம்மில் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். குளிர்ந்த பருப்பை மொத்தமாகக் கொட்டினால் கெட்டிப்பட்டுக் கல் நிற்கும், பெல்ட் அறும். முதல் இருபது நிமிடம் டிரம்முக்கு ஹேர் டிரையர் காட்டலாம், எல்லோரும் செய்வதுதான். இரண்டு மணி நேரத்தில் குழம்பாக ஓடும். அப்போது சர்க்கரை, ஈரமில்லாமல். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சர்க்கரை அதைப் பிடித்துக்கொண்டு எல்லாம் களியாகிவிடும். கல்லை அழுத்தும் திருகை முதலில் தளர்வாக விட்டு, மணிக்கொரு முறை கொஞ்சம் இறுக்குங்கள். உங்கள் மாடலில் அப்படித் திருகே இல்லையென்றால், சாக்லேட்காரர்களுக்கு விற்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

48 மணி நேரம் கழித்துக் கழற்றி, புஷ்ஷை அளந்து எழுதிவையுங்கள். ஐந்து ஈடு இப்படி ஓடிய பின்தான் நூறு கிரைண்டர் பற்றிப் பேச்சு. அதுவும் நூறு வேண்டாம், இருபது போதும்.

அமெரிக்காவில் கேட்கும் தரச் சான்றிதழ்கள்: மின்பாதுகாப்புக்கு, வீட்டு உபயோகம் என்றால் யுஎல் 982, கடைகளுக்கு யுஎல் 763, கூடவே சுகாதாரத்துக்கு என்எஸ்எஃப் 8. சோதனைக்கூடத்தில் கேட்டால் பட்டியல் தருவார்கள். பெட்டிக்குள் உருளைக்கல்லை டிரம்மில் வைத்து அனுப்பாதீர்கள், ஒரே குலுக்கலில் டிரம் நசுங்கி சாஃப்ட் வளையும். கல்லுக்குத் தனி உறை. மரப்பெட்டி என்றால் வெப்பமூட்டிய மரம், முத்திரையோடு.

வாங்குபவர்களைப் பிடிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதை இன்னொரு கடிதத்தில் பார்ப்போம். இப்போது உங்கள் சாஃப்டின் விட்டத்தையும் புஷ்ஷின் உள்விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து, சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று என்று எழுதி அனுப்புங்கள். வெர்னியர் அளவு வேண்டாம்.