அவரைக்காய் உரிக்கத் தெரிந்த விரல்தான் 'அ' எழுதும்

கேள்வி: எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தையும் மூன்றரை வயது மகனும் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு வர ஆறரை ஆகிவிடும். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மகன் செல்போன் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான். 'இப்போதே எழுதப் பழக்குங்கள்' என்று பள்ளியில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் மூவாயிரம் ரூபாய்க்குப் பட அட்டைகளும் அறிவு வளர்க்கும் பொம்மைகளும் வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கிடைப்பது மாலையில் அரை மணி நேரம். அதில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: முதலில் அந்த மூவாயிரத்தைச் செலவு செய்யாமல் வையுங்கள். அந்த அரை மணி நேரத்தில் பாடம் நடத்தவும் வேண்டாம். நின்றே வேலை பார்த்துவிட்டு வரும் களைப்பு உங்களுக்கு, பகலெல்லாம் அம்மாவைக் காணாத ஏக்கம் அவர்களுக்கு. மூன்றாம் நாளே எல்லோருக்கும் அலுத்துவிடும். எப்படியும் செய்தாக வேண்டிய வீட்டு வேலைக்குள் பிள்ளைகளையும் இழுத்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம்.

சின்னவளிடமிருந்து தொடங்குவோம். ஏழு மாதத்தில் அவளுக்குப் பிடித்த பொம்மை உங்கள் முகம். அவள் 'பா... பா' என்றால் நீங்களும் 'பா பா' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பொறுமைதான் முக்கியம். பல பெரியவர்கள் விடாமல் கொஞ்சிக்கொண்டே போய்விடுவார்கள். குழந்தைக்கு முறை வராது. நான்கைந்து நொடி காத்திருந்தால் அவள் திரும்பச் சொல்வாள். நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல என்கிற இந்தப் பழக்கத்தில்தான் பேச்சு முளைக்கிறது.

'நண்டூறுது, நரியூறுது' விளையாட்டை உங்கள் மாமியாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முதல் சில நாள் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டிய பிறகுதான் குழந்தை சிரிக்கும். அப்புறம் விரல் முழங்கையைத் தாண்டும்போதே சிரிப்பு வந்துவிடும். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது! எந்தப் பட அட்டையும் இதை இவ்வளவு அழகாகச் சொல்லித்தராது.

கரண்டியை அவள் கண்ணெதிரே துண்டால் பாதி மூடுங்கள், இழுத்து எடுப்பாள். சில வாரம் கழித்து முழுதாக மூடினாலும் தேடுவாள். கண்ணில் படாவிட்டாலும் பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்பது சுமார் எட்டு மாத அளவில் பிடிபடத் தொடங்கும். கிண்ணத்தைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தால் சேட்டை என்று நினைக்காதீர்கள். போட்டால் சத்தம் வருகிறதா, அம்மா எடுத்துத் தருகிறாளா என்று சோதிக்கிறாள். பத்தாவது தடவை எரிச்சல் வரத்தான் செய்யும். கிண்ணத்தை மாற்றி ஒரு துணிப்பந்தைக் கொடுங்கள்.

விழித்திருக்கும்போது பாயில் குப்புற விட்டு, எட்டாத தூரத்தில் ஒரு கிலுகிலுப்பை வைத்தால் போதும். இன்னும் தவழாத குழந்தைகளுக்கு இப்படி நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது, விட்டுவிட்டுக் கிடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்முடைய பிள்ளைத்தமிழ் மரபும் கைக்குழந்தையின் வளர்ச்சியை இப்படித்தான் பார்த்திருக்கிறது: கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடை போட்டு வருவது வருகை.

உட்கார வைத்து உருட்டும் வட்ட வாக்கர் மட்டும் வேண்டாம். படியில் உருண்டு விழும் ஆபத்து அதிகம் என்பதால் கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். எழுந்து நின்று பழகிய பிறகு மரத்தாலான பழைய நடைவண்டி போதும். அதையும் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

இனி மகன். மூன்று வயதில் பிள்ளைகள் பொதுவாக ஒரு வட்டம் வரைவார்கள். கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி வரும், சதுரம் அதற்கும் பிறகு. 'அ'வைப் பாருங்கள்: ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கோடு. சதுரமே வராத கையை அதற்குள் திணித்தால் அழுகைதான் மிஞ்சும். பள்ளியில் கேட்டால், 'கையைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

அந்தக் கைதான் உங்கள் சமையலறையில் தயாராகும். அவரைக்காய்க்கு நார் உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, சப்பாத்தி மாவை உருட்டுவது, துணி கிளிப்பை அமுக்கிக் கொடியில் மாட்டுவது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயிண்ட் பிரஷும் அரை வாளித் தண்ணீரும் கொடுத்துச் சுற்றுச்சுவருக்கு 'வெள்ளையடிக்க' விடுங்கள். தோளும் மணிக்கட்டும் நன்றாக வேலை செய்யும். வெயில் ஏறியதும் சுவர் காய்ந்துவிடும், மறுபடி அடிக்கலாம். என் அனுபவத்தில் இதை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையைப் பார்த்ததில்லை. முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரை அடித் தண்ணீரும் ஆபத்து.

கணக்கும் இப்படியே. ஒன்று முதல் இருபது வரை ஒப்பிப்பது வேறு, எண்ணத் தெரிவது வேறு. 'நாம் நாலு பேர் சாப்பிடப் போகிறோம், ஆளுக்கு ஒரு தட்டு கொண்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து கொண்டு வந்தால் திருத்தாதீர்கள். ஒவ்வொருவர் முன்னும் வைக்கச் சொல்லுங்கள், மிஞ்சிய தட்டே அவனுக்குப் புரிய வைக்கும். வெங்காயத்தையும் பூண்டையும் பிரித்துப் போடுவதும் துவைத்த சாக்ஸுக்கு ஜோடி தேடுவதும் வகை பிரிக்கும் கணக்குதான். இடையிடையே 'இது என்ன கலர், அது என்ன கலர்' என்று பரீட்சை வைக்காதீர்கள். 'இந்தக் கத்தரிக்காய்க்கு ஒரு ஓட்டை இருக்கே, யார் போட்டிருப்பா?' என்று கேளுங்கள், கதையே வரும்.

செல்போன் விஷயத்தில் உங்கள் அத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறார். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், மூன்று நான்கு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. ஒரேயடியாக நிறுத்தாமல் முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் போன் இல்லாததாக்குங்கள், அதுவும் நீங்கள் உடனிருக்கும் இரவு வேளையை. அவனே பிசைந்து சாப்பிடட்டும், சிந்தினால் சிந்தட்டும். 'அத்தை, நீங்க சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க?' என்று அவன் காதில் விழும்படி கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் பல்லாங்குழி பரணிலிருந்து இறங்கினாலும் இறங்கும்.

இறங்கினால் சோழிகளையும் புளியங்கொட்டைகளையும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து டப்பாவில் போட்டு மூட வேண்டும். சின்னவள் எதையும் வாயில் போடும் வயதில் இருக்கிறாள்; ஒன்று தொண்டையில் சிக்கினாலும் மூச்சு அடைத்துவிடும். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஒன்பது மாதம் ஆகியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், 'சில பிள்ளைங்க லேட்டாத்தான்' என்று யார் சொன்னாலும் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள்.