2024–25 எஃப்.ஏ. கோப்பையில் (இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டி) மறுஆட்டத்தை நீக்கியதால் சிறிய கிளப்புகளுக்கு என்ன இழப்பு?

இழப்பு பணத்தில்தான். அந்த சீசன் முதல், பிரதான போட்டியின் முதல் சுற்றிலிருந்தே மறுஆட்டம், அதாவது சமனில் முடிந்தால் மற்ற அணியின் மைதானத்தில் மீண்டும் ஆடுவது, கிடையாது. 90 நிமிடம் சமனில் முடிந்தால் 30 நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. தகுதிச் சுற்றுகளில் மட்டும் மறுஆட்டம் நீடித்தது.

ஐரோப்பியக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் விரிவடைந்து, ஜனவரியிலும் ஆட்டங்கள் வந்ததால் நாட்காட்டியில் இடமில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

டாம்வொர்த்தைப் பாருங்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாம் அடுக்குக் கிளப். 2025 ஜனவரி 12 அன்று, மூன்றாம் சுற்றில், சொந்த மைதானத்தில் முதல் அடுக்குக் கிளப்பான டாட்டன்ஹாமை 90 நிமிடம் 0–0 எனத் தடுத்தது. பழைய விதிப்படி, மறுஆட்டம் 62,000 பேருக்கு மேல் அமரும் டாட்டன்ஹாம் அரங்கில் நடந்திருக்கும். செலவு போக நுழைவுச்சீட்டு வசூலில் இரு அணிக்கும் தலா 45% என்பதே வழக்கம். தொலைக்காட்சிப் பணம் வேறு. ஆனால் புதிய விதிப்படி டாம்வொர்த் கூடுதல் நேரத்தில் 3–0 எனத் தோற்று, அன்றே வெளியேறியது. முழுநேரத் தொழில்முறை வீரர்களுக்கு எதிராகப் பகுதிநேர வீரர்களின் கால்கள் தளர்வதும் அந்த அரைமணியில்தான்.

2005-ல் சிறிய கிளப்பான எக்ஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 0–0 சமன் செய்து பெற்ற மறுஆட்டம் அதன் கடன் சுமையைப் பெரிதும் குறைத்தது. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. என் பார்வையில் இது அநியாயம்.